உயரம் ஐந்தே முக்கால், நேஷனாலிட்டி பிரெஞ்சு

உயரம் எவ்வளவு போடட்டும் என்று கேட்டால் பையன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அஞ்சு ஒம்பதுன்னு போடும்மா, ஷூ போட்டா வந்துடும்" என்பார். பெண் வீட்டார் வந்தால் உயரத்தில் தகராறு இல்லை, எடையில்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லிவிடுவார்கள். சம்பளத்தில் இரு தரப்பும் ஒரே கட்சி. பிடித்தம் போகக் கைக்கு வருவதை யாரும் சொல்வதில்லை. பிடித்தத்துக்கு முந்தைய தொகை, ஓவர்டைம், போனஸ் எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மரியாதையும் சேர்த்து ஆண்டு வருமானம் என்று ஒன்று வரும்.

பாண்டிச்சேரி வழுதாவூர் சாலையில், கதிர்காமம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், ரேஷன் அட்டை, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் காலேஜ் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் என்று வேலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். வருடம் முழுக்க வருவது கல்யாண பயோடேட்டா. உச்சியில் பிள்ளையாரோ சிலுவையோ, ஓரத்தில் போட்டோ, அடியில் ராசிக்கட்டமும் நவாம்சமும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதையே மேட்ரிமோனி தளத்திலும் ஏற்ற வேண்டும். ஓ.டி.பி. வருகிற போன் அப்பா கையில் இருக்கும், தட்டச்சு செய்வது நான். 'விவரத்தைப் பதிவு செய்தவர்' என்ற இடத்தில் 'பெற்றோர்' என்று தேர்ந்தெடுக்கிறேன் பாருங்கள், முதல் பொய் அங்கேயே விழுந்துவிடுகிறது. 'என்னைப் பற்றி' என்ற பகுதியில் "பெரியவர்களை மதிப்பவள், சமையலில் ஆர்வம் உள்ளவள்" என்று எழுதுவதும் நான்தான். அந்தப் பெண் எங்கேயோ பெங்களூரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இந்த ஓரங்குல, ஈரங்குலப் பொய்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கேட்டலினா தோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் டேட்டிங் தளங்களில் விவரம் போட்டிருந்த 80 பேரை நியூயார்க்கில் வரவழைத்தார்கள். டேப் வைத்து உயரம் அளந்தார்கள், மெஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள், டிரைவிங் லைசென்ஸை வாங்கி வயதைச் சரிபார்த்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு: நூற்றுக்கு 81 பேர் இந்த மூன்றில் ஒன்றையாவது மாற்றி எழுதியிருந்தார்கள். ஆண்கள் உயரத்தைக் கூட்டியிருந்தார்கள், பெண்கள் எடையைக் குறைத்திருந்தார்கள். எங்கள் தெரு அம்மாக்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலான பொய்கள் மிகச் சிறியவை, எதிரில் உட்கார்ந்து பார்த்தாலும் கண்ணில் படாத அளவு. எழுதியவர்களுக்கு ஒருநாள் நேரில் போய் நிற்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு பொய்யை இழுத்துப் பிடித்திருக்கிறது.

கடையில் உட்கார்ந்து நான் கண்டுகொண்டதும் இதுவேதான். பொய் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது, சொல்கிறவர் யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. பெண் பார்க்க வருகிற பையன் இரண்டு அங்குலத்துக்கு மேல் கூட்ட மாட்டான். வரப்போவதே இல்லாதவன் கப்பல் கேப்டன் ஆகிவிடுவான்.

சில பொய்களுக்கு என் ஓட்டும் உண்டு என்பதை ஒளிக்கப் போவதில்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதனால் வரன் தட்டிப்போன பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பிறந்த நேரம் நட்சத்திரம் மாறுகிற எல்லையில் இருந்தால், கொஞ்சம் தள்ளி எழுதினாலே மூலம் பூராடமாகிவிடும். முன்பெல்லாம் ஜோசியரே அதைச் சத்தமில்லாமல் செய்து கொடுத்துவிடுவார். இப்போது பையன் வீட்டார் விவரமாகிவிட்டார்கள், பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கிரகத்தைக் கேட்டு ஒரு பெண்ணைத் தள்ளுகிறவர்களுக்கு அந்தக் கிரகத்திலேயே பொய் சொன்னால் எனக்கு மனசு உறுத்துவதில்லை. நிறமும் இப்படித்தான். 'சிவப்பு', 'மாநிறம்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி பல தளங்களில் இருந்தது. வெளிநாட்டு இந்தியப் பெண்கள் எதிர்ப்பு மனு போட்ட பிறகு 2020 ஜூனில் ஷாதி.காம் அந்த வடிகட்டியை எடுத்துவிட்டது. கேள்வி போனதும் அந்தப் பொய்யும் போயிற்று. போட்டோவில் மட்டும் இன்னும் இருக்கிறது. போனில் பியூட்டி மோடு போடாமல் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் யாருமே இல்லை.

சாதி விஷயத்தில் நேர்மைக்கும் பொய்க்கும் இடம் மாறிவிடுகிறது. "ஜாதி தடையில்லை" என்று போடச் சொல்வார்கள். அடைப்புக்குறிக்குள் "எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக" என்றும் போடச் சொல்வார்கள். அந்த அடைப்புக்குறியை நான் தட்டச்சு செய்வதில்லை. "வேணும்னா தடை உண்டுன்னே போடுங்க" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். பலர் அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, போனில் பேசும்போது பார்த்துக்கொள்வார்கள்.

குடிப்பழக்கம் என்ற கட்டம் பாண்டிச்சேரிக்காரர்களுக்கென்றே வைத்த சோதனை. இல்லை, எப்போதாவது, உண்டு என்று மூன்று பதில். எங்கள் ஊரில் 'இல்லை' என்று போட்டால் விழுப்புரத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள், 'உண்டு' என்று போட்டால் பெண் தர மாட்டார்கள். ஆகவே ஊரே 'எப்போதாவது'தான்.

இதெல்லாம் எழுதி வைத்த பொய். வீட்டை உடைப்பது எழுதாமல் விட்டது.

மேட்ரிமோனி தளங்களில் திருமண நிலை என்று ஒரு கேள்வி உண்டு. திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், விவாகரத்துக்குக் காத்திருப்பவர். நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு அப்பா வந்தார். மகனுக்குக் கல்யாணம் ஆகி, மூன்று மாதத்தில் பெண் திரும்பிப் போய், வழக்கு முடிந்து தீர்ப்பு வந்திருந்தது. அந்தத் தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுத்ததே என் கடையில்தான். "திருமணமாகாதவர்னு போடும்மா" என்றார். "ஐயா, ஆகியிருக்கே" என்றேன். "மூணு மாசம் ஒரு கல்யாணமா? சேர்ந்து ஒரு சினிமாகூடப் பார்க்கலை." அவர் குரலில் ஏமாற்றுகிற நோக்கம் இல்லை. அவமானம்தான் இருந்தது. நான் முடியாது என்றேன். அவருக்கு வருத்தம். அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், தெரியாதவர்கள் நிறையப் பேர். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. முதல் மனைவியோ கணவரோ உயிரோடு இருந்து, அந்தத் திருமணம் முறியாமலே இருக்க, அதை மறைத்து இன்னொருவரைக் கட்டினால் விஷயம் வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் அதற்குப் பத்தாண்டு வரை சிறை. "நாங்க என்ன கொலையா பண்ணிட்டோம்?" என்று அந்த அப்பா கேட்டார். அவர் மகனுக்கு இந்தச் சிறை விஷயம் பொருந்தாது, அவனுடைய வழக்கு முடிந்துபோனது. ஆனால் இரண்டாவது பெண்ணும் ஒருநாள் ரத்து மனுவோடு ஜெராக்ஸ் எடுக்க வருவாளே என்றுதான் எனக்குப் பட்டது.

விசாரிப்பது என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. பெண் வீட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ டூவீலரில் வந்து, மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "இங்க இன்னார் வீடு எங்க இருக்கு?" என்று தெரியாததுபோல் ஆரம்பிப்பார்கள். மெடிக்கல் ஷாப், அயர்ன் கடை, என் கடை எல்லாம் இந்தச் சுற்றில் உண்டு. இணையத்தில் முப்பது வரன் பார்த்தவர்களும் கடைசியில் இந்த டீயைக் குடிக்காமல் நிச்சயம் செய்வதில்லை. இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஓட்டை உள்ள ஏற்பாடு. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று டீக்கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். "நல்ல குடும்பம்தாங்க" என்பார். அப்படிச் சொல்கிற வேகத்தை வைத்துத்தான் விசாரிக்க வந்தவர் புரிந்துகொள்ள வேண்டும். உடனே சொன்னால் நல்ல குடும்பம், கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னால் இன்னும் இரண்டு கடை ஏற வேண்டும். என்னிடம் கேட்டால் நான், "கடன், பழைய கல்யாணம், குடி, மூணையும் அவங்களையே நேரா கேளுங்க. பதில் சொல்றப்ப பையனோட அம்மா முகத்தைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன். தட்டச்சு செய்தவள் அடுத்தவர் காகிதத்தில் இருந்ததை வெளியில் சொல்ல முடியாது. எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று சொல்லலாம் அல்லவா?

இந்த ஊருக்கென்று தனியாக ஒரு சமாசாரம் இருக்கிறது. பயோடேட்டாவில் பெயருக்கும் மேலே, தடித்த எழுத்தில், சில சமயம் மூவண்ணத்தில் போடச் சொல்வது: 'பிரெஞ்சு நேஷனாலிட்டி'. பச்சை, காவி மூவண்ணம் இல்லை, நீலம், வெள்ளை, சிவப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1954 நவம்பரில் பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது நிலைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், அரசாங்க வேலை பார்த்தவர்கள் போன்றோர் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அது ஒரு கையெழுத்து. இன்றைக்குப் பேரன் பேத்தி காலத்தில் ஒரு வீட்டுக்கு பாரிஸ் விமானம், அடுத்த வீட்டுக்கு விழுப்புரம் பஸ். ரத்த வழியில் இறங்கி வருகிற உரிமை என்பதால் அந்தத் தாத்தாவின் பேத்தி முத்திரையர்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் பிரெஞ்சுக் குடிமகள்.

அவளுக்கு வரன் பார்க்கும்போது வரதட்சணை தலைகீழாகிவிடும். பையன் வீட்டார் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். எழுத்தில் எங்கும் வராது, பேச்சில்தான் வரும். பயோடேட்டாவிலும் அதற்கேற்ற பொய்கள் முளைக்கும். பையனுக்கு 'பிரெஞ்சு மொழி அறிவு: நன்று' என்று போடுவோம், அவனுக்குத் தெரிந்தது 'போன்ழூர்' மட்டும். பிரெஞ்சு மாப்பிள்ளை பக்கமும் குறைவில்லை. 'பாரிசில் வசிக்கிறார்' என்றால் பெரும்பாலும் சார்செல் மாதிரிப் புறநகர் என்று படித்துக்கொள்ள வேண்டும். 'ஹோட்டல் துறை' என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும், மேசைப் பக்கமா, பாத்திரம் கழுவும் பக்கமா. கழுவுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. மறைத்தால் பெண் அங்கே போய் இறங்கிய அன்றைக்கே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

இங்கே பெரிய பொய் நோக்கத்தில் இருக்கும். விசாவுக்காகக் கட்டுகிறானா, அவளுக்காகக் கட்டுகிறானா? இதை டீக்கடையில் விசாரிக்க முடியாது. பிரெஞ்சு அரசாங்கம் விசாரிக்கிறது. 2006 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, வெளிநாட்டில் கல்யாணம் செய்யும் பிரெஞ்சுக்காரர் முன்கூட்டியே தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதிகாரி கூப்பிட்டுப் பேசலாம், தனித்தனியாகவும் பேசலாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பைப் பத்து நாள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். அதெல்லாம் முடிந்து, கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே 'லிவ்ரே' என்று எங்கள் ஊரில் சொல்கிற குடும்பப் புத்தகம் கைக்கு வரும். கட்டியவருக்கு உடனே குடியுரிமை கிடைத்துவிடாது. சேர்ந்து வாழ்ந்து நான்கு ஆண்டு ஆனபிறகு விண்ணப்பிக்கலாம், பிரான்சில் தொடர்ந்து வசிக்காதவர்களுக்கு ஐந்து ஆண்டு. குடியுரிமைக்காகவோ வசிப்புரிமைக்காகவோ மட்டும் கல்யாணம் செய்தால் ஐந்தாண்டு சிறை, 15,000 யூரோ அபராதம் என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. 2011இல் அதில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒருவர் உண்மையாகக் கட்டியிருக்க, வெளிநாட்டவரான மற்றவர் தன் நோக்கத்தை அவரிடமே மறைத்திருந்தால், மறைத்தவருக்கும் அதே தண்டனை.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் என் கடைக்கு வந்து போட்டோ பிரிண்ட் போடுவார்கள். மாமல்லபுரம் கல் முன்னால் இரண்டு பேர், ராக் பீச்சில் இரண்டு பேர், பிறந்தநாள் கேக் முன்னால் இரண்டு பேர். மூன்று படத்திலும் ஒரே சட்டை. நான் ஒன்றும் சொல்வதில்லை. அதிகாரிக்கும் கண் இருக்கிறது.

கல்யாணப் பேச்சில் இருக்கிற இந்தத் தெரு, மாமா, டீக்கடை, அறிவிப்புப் பலகை எதுவும் டேட்டிங் ஆப்பில் கிடையாது. என் அக்கா மகள் சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறாள், ஆப்பில் பழகுகிறாள், அதை வீட்டில் என்னிடம் மட்டும் சொல்வாள். டிண்டர், பம்பிள் என்று இருந்தது போய், தமிழர்களுக்கென்றே 'அன்பே' என்று ஒன்றை ஐல் நிறுவனம் கொண்டுவந்திருக்கிறது என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். "சித்தி, நீ டைப் பண்றதைவிட இது நேர்மைதான். பையனே எழுதறான்" என்பாள். உண்மைதான். ஆனால் அங்கே திருமண நிலை என்ற கேள்விக்கு யாரும் பதில் கேட்டு நிற்பதில்லை. செல்ஃபி எடுத்துக் காட்டினால் கிடைக்கிற அந்த நீல டிக், போட்டோவில் இருப்பவரும் போன் வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வீட்டில் மனைவி இருக்கிறாளா என்று டிக்குக்குத் தெரியாது. மேட்ரிமோனி தளங்களுக்காவது 2016 ஜூனில் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அடையாளச் சான்று கேட்க வேண்டும், இது கல்யாணத்துக்கான தளம், டேட்டிங்குக்கு அல்ல என்று அறிவிக்க வேண்டும், எந்த இணைப்பிலிருந்து நுழைந்தார் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும், புகார் கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.

நேரில் வருகிறவன் பெரிய பொய் சொல்ல மாட்டான் என்ற என் கணக்கு இங்கே இடிக்கிறது. நாகர்கோவிலில் 2020இல் கைதான இளைஞன், சமூக வலைத்தளங்களில் பெண்களைப் பழக்கி, நேரில் சந்தித்து, படங்களை வைத்து மிரட்டியவன். 2023இல் ஆயுள் தண்டனை பெற்றான். 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி டிண்டர் ஸ்விண்ட்லர்' படத்தில் வரும் ஏமாற்றுக்காரனும் பெண்களைத் தனி விமானத்தில் ஏற்றி எதிரிலேயே உட்கார்ந்திருந்தவன்தான். ஆகவே என் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஆள் வருகிறானா என்பது போதாது, அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்த யாராவது கூட வருகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அந்த மாதிரி ஆட்கள் தங்கள் ஊரை, நண்பர்களை, அம்மாவைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "மூணாவது சந்திப்புக்கு அவன் ஃபிரெண்ட்ஸ் கூட்டத்துக்கு நானும் வரேன்னு சொல்லிடுவேன் சித்தி. பாதிப் பேர் அதோட காணாமப் போயிடறாங்க" என்றாள். டீக்கடையை அவள் வேறு பெயரில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

கடைசி வகை, வரவே வராதவர்கள். கணவரை இழந்த, நல்ல வேலையில் இருக்கிற ஓர் அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது. மறுமணத்துக்குப் பதிவு செய்திருந்தார். லண்டன் டாக்டர், மனைவியை இழந்தவர், ஒரு மகள், கனிவான பேச்சு. சில வாரம் கழித்து அவர் பரிசுப் பார்சல் அனுப்பினார், நகை, ஐபோன், பவுண்டு நோட்டு. அப்புறம் தில்லி ஏர்போர்ட் சுங்கத்திலிருந்து என்று ஒரு பெண் பேசினாள், வரி கட்டினால்தான் பார்சல் வரும் என்று. முதலில் வரி, பிறகு அபராதம், பிறகு வெளிநாட்டுப் பணம் வைத்திருந்ததற்குச் சான்றிதழ் கட்டணம். புகாரோடு இணைக்க பேங்க் ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுக்க என்னிடம் வந்தபோது அவர் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "தினமும் சாப்ட்டியான்னு கேட்டாரும்மா" என்றார்.

சுங்கத்துறை யாருக்கும் போன் செய்து தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அவர்களுடைய கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், அதை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும். அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைக்க முயல்வார்கள். மறுநாள் மகனிடம் சொல்லலாம், அதற்கடுத்த நாள் அக்காவிடம் சொல்லலாம் என்று வெட்கப்பட்டுக் கொண்டிருந்தால் பணம் பத்துக் கணக்கு தாண்டிவிடும். அமெரிக்காவில் 2022இல் மட்டும் சுமார் 70,000 பேர் இப்படிக் காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையத்தில் புகார் செய்திருந்தார்கள். அங்கேயும் வழக்கமான கதைகள் இவைதான்: ராணுவத்தில் தூர தேசத்தில் இருக்கிறேன், கடலில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறேன், முதலீடு சொல்லித் தருகிறேன். முதல் இரண்டும் நேரில் வர முடியாததற்குக் காரணம் சொல்கிற வேலைகள்.

எதிர்முனையில் தட்டுவது யார் என்று நினைக்கும்போது எனக்கு வேறொரு கலக்கம் வரும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏமாற்றி, மியான்மர் எல்லையில் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022இல் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். அந்த மாதிரி வேலைக்கு ரெஸ்யூம் எடுக்க வருகிற பையன்களும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். கல்யாண பயோடேட்டாவில் பொய் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்கிற நான், ரெஸ்யூமில் 'ஆங்கிலம்: சரளம்' என்று மறுபேச்சில்லாமல் தட்டிக் கொடுக்கிறேன்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். சிபில் ஸ்கோர், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண். மகாராஷ்டிரத்தில் மூர்த்திசாபூர் என்ற ஊரில், பெண்ணின் மாமா மாப்பிள்ளையின் சிபில் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, கடன் மேல் கடன் இருப்பது தெரிந்து கல்யாணமே நின்றுவிட்டதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. 300இல் ஆரம்பித்து 900 வரை போகிற எண், வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஜாதகத்தைவிட இது உருப்படியான காகிதம் என்பது என் அபிப்பிராயம். தவணை தவறியதை எந்த ஜோசியரும் தள்ளி எழுத முடியாது.

போன வாரம் ஓர் அம்மா மாப்பிள்ளையின் அறிக்கையை பிரிண்ட் எடுக்க வந்தார். 780. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நம்ம பொண்ணோடதும் எடுத்துடலாமா?" என்றேன். எடுத்தோம். படிப்புக் கடன் தவணை சில மாதம் விட்டுப்போயிருந்தது, 640தான் காட்டியது. அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவங்க நம்மோடத கேக்கலையேம்மா. கேட்டா பார்த்துக்கலாம்" என்றார்.